ஏழாம் கேள்வி

ஜூன் 2, ஞாயிறு

பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் கிளமெண்ட் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இனி வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குப் பெரியவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பாம். பன்னிரண்டு வயதில் உறுதிபூசுதல் வாங்கிய கையோடு புத்தகத்தை மூடி வைத்தவர்கள் எல்லோரும் வர வேண்டுமாம். மறைக்கல்வி ஆசிரியர்கள் முதல் ஆளாக வர வேண்டுமாம்.

முதல் ஆள் என்றால் நான்தான். இருபத்தெட்டு வருடமாக, முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்கப்போகிற புதுநன்மைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த ஃபாதருக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்த வயதில் நான் பத்துக் கட்டளைகளை மெட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக் கேட்டேன். "ஃபாதர், எங்களுக்குமா பாடம்?"

"உங்களுக்குத்தான் டீச்சர். நீங்க வந்தாத்தானே மத்தவங்க வருவாங்க" என்றார். சிரிப்பு வேறு.

இன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாளையும் வராது என்கிறார்கள்.

ஜூன் 6, வியாழன்

பதினேழு பேர் வந்திருந்தோம். உட்கார வைத்தது பிள்ளைகளின் பெஞ்சில். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற கொரேரா அண்ணன் நல்ல பருமன். அவர் ஒரு முனையில் உட்கார்ந்ததும் மறுமுனையில் நான் மேலே எழும்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதரும்தான்.

முதல் வேலையாக ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். இருபது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சரியா தவறா என்று குறிக்க வேண்டும். தபால் நிலையக் கவுண்டரில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு ஒரு தாளை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்? நான்தான் முதலில் முடித்தேன். முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பதினொன்று சரி. கொரேரா அண்ணனுக்குப் பதிமூன்று. அவர் பூசைக்கு வருவதே கல்யாண வீட்டுக்கு வருவதுபோல எப்போதாவதுதான்.

எட்டுத் தவறுகளை ஒத்துக்கொண்டேன். ஏழாம் கேள்வியில் மட்டும் ஃபாதரோடு வாதாடினேன். பாதி வகுப்பு அதிலேயே போயிற்று. இளம் சாமியார்கள் எல்லாவற்றையும் இளக்கிவிடுகிறார்கள். அடுத்த வாரம் புத்தகத்தில் காட்டச் சொல்லப்போகிறேன்.

ஜூன் 7, வெள்ளி

ஏழாம் கேள்வியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து அனிலா போன் செய்தாள். ஜெசிந்தாவின் மகள். ஜெசிந்தா என் தங்கை. இந்த நோட்டில் அவள் பெயரை எழுதி ஆறு வருடமாகிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் கோயிலை விட்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜெபவீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தண்ணீரில் முக்கி இன்னொரு ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன். நம் கோயிலில் வாங்கிய ஞானஸ்நானம் செல்லாத தபால்தலையா?

அனிலா நம் கோயிலில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளையும் நம் ஆள்தான். ஆகஸ்ட் 28, புதன்கிழமை, நம் பங்குக் கோயிலிலேயே கல்யாணம்.

"பெரியம்மா, அம்மா கோயிலுக்கு வரேன்னு சொல்லிட்டாங்க. முன் பெஞ்சுல உக்காருவாங்க. நீங்க பக்கத்துல இருக்கணும். அதுக்கு முன்னால ஒருக்க பேசிருங்க. ஆறு வருசம் போதும்."

பார்க்கலாம் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 13, வியாழன்

ஃபாதர் தடிமனான புத்தகத்தைக் கொண்டுவந்து அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. கண்ணாடியைத் தேட நேரமாயிற்று.

ஏழாம் கேள்வி இதுதான். கணவனால் விவாகரத்து செய்யப்பட்டு, மறுமணம் செய்யாமல் வாழும் பெண் நற்கருணை வாங்கக் கூடாது. நான் "சரி" என்று குறித்திருந்தேன்.

"தவறு டீச்சர்," என்றார் ஃபாதர். "கோர்ட்டு குடுத்த தீர்ப்பு அரசாங்கத்து விஷயம். அவங்க இன்னொரு கல்யாணம் பண்ணாம, தன் வழியில இருக்காங்க. அவங்களை யாரும் தடுக்க முடியாது. சொல்லப்போனா அவங்களுக்குத்தான் நற்கருணை ரொம்பத் தேவை."

"இது எப்ப மாத்துனது ஃபாதர்?"

"மாத்தலையே. எப்பவும் இப்படித்தான்."

மாற்றினார்கள் என்றால்கூட எனக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். புத்தகத்தை இரண்டு தடவை வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

கொரேரா அண்ணன் பின்னாலிருந்து, "அப்ப நம்ம பங்குல எத்தன பொம்பளைய சும்மா உக்காந்துருக்காகளோ?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு தாளை மடித்தார். மற்ற பதினைந்து பேரும் என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் சின்ன ஊர்.

ஜூன் 16, ஞாயிறு

ஜெசிந்தாவின் புருஷன் தோணியில் மாலத்தீவு போய்வந்துகொண்டிருந்தவன். ஒரு தடவை போனவன் திரும்பவில்லை. வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. அவள் கோர்ட்டுக்குக்கூடப் போகவில்லை, அவள் போகாமலேயே 2005ல் தீர்ப்பாகிவிட்டது. கைப்பிள்ளையாக இல்லாவிட்டாலும் அனிலாவுக்கு அப்போது ஒன்பது வயதுதான்.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் ஜெசிந்தா ஒரு ஞாயிறும் பூசை தவறியதில்லை. நற்கருணை நேரத்தில் எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போவார்கள். பெஞ்சில் இருப்பவர்கள் வெளியே போக அவள் முழங்காலை ஒதுக்கி வழிவிடுவாள். திரும்பி வரும்போதும் ஒதுக்குவாள். யாரோ அவளிடம் வாங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் பேச்சு.

சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 20, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூன் 22, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரியின் மேல் எரிந்து விழுந்தது, செபமாலை சொல்லும்போது தூங்கியது, ஜூன் 13ஆம் தேதி குருவானவர் ஒருவர் மேல் மனதுக்குள் கோபப்பட்டது. அந்தக் குருவானவரே உள்ளே உட்கார்ந்திருந்தார். "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை 4, வியாழன்

அனிலா புதுநன்மைப் படத்தைக் கேட்டிருந்தாள். கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். பீரோவின் மேலிருந்து பெட்டியை இறக்கித் தேடினேன். கிடைத்தது. கோயில் படிக்கட்டில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், நடுவில் அன்றைய பங்குச்சாமியார், ஓரத்தில் நான். இந்த இருபத்தெட்டு வருடத்தில் அந்த வருடம்போல ஒழுங்கான வருடம் வரவில்லை. ஒரு பிள்ளை வரிசை மாறவில்லை, ஒரு பிள்ளை இருமவில்லை, ஒரு பிள்ளை அழவில்லை. சாமியார் பிரசங்க மேடையிலிருந்தே என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

எழுதாமல் இருந்தால் நடக்காததாகிவிடாது. எழுதுகிறேன்.

எங்கள் பங்கில் புதுநன்மைக்குப் பிள்ளை தனியாகப் போவதில்லை. அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் கூட நடந்து போய், பிள்ளைக்குப் பின்னாலேயே தாங்களும் நன்மை வாங்குவார்கள். பெஞ்சு பெஞ்சாக எழுப்பி அனுப்புவது என் வேலை. அனிலாவின் முறை வந்தது. ஜெசிந்தா எழுந்தாள். தீர்ப்பு வந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. நான் பெஞ்சின் முனையில் நின்று கையைக் குறுக்கே நீட்டினேன். "நீ உக்காரு. உனக்கு இனிமே கெடையாது" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பின்னால் இருந்த பெஞ்சுகள் எல்லாம் பார்த்தன. அனிலா தனியாகப் போனாள்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று ஜூன் 16ல் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டுத் திருத்தலாமா என்று பார்த்தேன். அப்படியே இருக்கட்டும்.

எனக்கு யார் சொன்னது என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரியும், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் உறுதிபூசுதலுக்குப் படித்தது, அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம். விவாகரத்து அந்தப் பாடத்தில் இல்லை. இல்லாததை நானே நிரப்பிக்கொண்டேன். சாமியார் பங்களாவுக்கும் எங்கள் வகுப்பறைக்கும் இருபது அடி தூரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் டீச்சருக்குத் தெரியாது என்று ஆகிவிடும்.

வகுப்புக்குப் போனேன். என்ன நடத்தினார் என்று நினைவில்லை.

ஜூலை 11, வியாழன்

வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை பெஞ்சை அடுக்குவதுபோல நின்றேன். பிறகு ஃபாதரிடம் சொன்னேன், கையை நீட்டியதைத் தவிர மற்றதெல்லாம்.

"கல்யாணப் பூசையில அவ வாங்கலாமா ஃபாதர்? நான் போயி சொல்லட்டுமா?"

அவர் மேசையில் இருந்த சாக்பீஸ் தூளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"அப்ப வாங்கியிருக்கலாம் டீச்சர். பதின்மூணு வருசமும் வாங்கியிருக்கலாம். இப்ப அவங்க வேற சபையில சேர்ந்துட்டாங்க, மறுபடி ஞானஸ்நானமும் எடுத்திருக்காங்க. இப்ப சும்மா வந்து வாங்க முடியாது. திரும்பி வரேன்னு மனசார நினைச்சு, பாவசங்கீர்த்தனம் பண்ணி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லணும். ஒரு சாயங்காலம் போதும். நானே அவங்க வீட்டுக்குப் போறேன். ஆனா அவங்களுக்கு விருப்பம் இருக்கணும்."

வாங்கலாம் என்று இருந்தபோது வாங்கக் கூடாது என்றேன். வாங்கலாம் என்று சொல்லப் போகும்போது வாங்க முடியாமல் ஆகிவிட்டது. கோபம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால் ஆள் ஒருவரும் அகப்படவில்லை, என்னைத் தவிர.

ஜூலை 14, ஞாயிறு

மாலை ஜெசிந்தா வீட்டுக்குக் கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு போனது. கேட் திறந்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

கொசுவலை தைத்தேன். தண்ணீர் வந்தது, தொட்டி நிறைந்து வழிந்தது, மூட மறந்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

பனிமாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தோடு கூட்டமாகப் போனேன். திரும்பிப் பார்த்தபோது சாலைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். காய்கறிப் பையோடு, சாலையைக் கடக்கக் கூட்டம் விலகட்டும் என்று காத்திருந்தாள். வெள்ளைப் புடவை. கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லை, அவர்கள் சபையில் நகை போடக் கூடாது. தலை முன்பக்கம் நரைத்துவிட்டது. எனக்கு நான்கு வயது இளையவள், மூத்தவளைப்போல் இருக்கிறாள்.

கொடி ஏறியபோது வேட்டுப் போட்டார்கள். எல்லோரும் "மரியே வாழ்க" என்றார்கள். அவள் உதடு அசைந்ததுபோல இருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் எதுவும் எப்படியும் தெரியும்.

என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். இடையில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அனிலா கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வது வழக்கம். "ஜெசிந்தாவின் மகள் அனிலா" என்று வாசித்தபோது இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தடை எதுவும் இருந்தால் பங்குக்குருவிடம் தெரிவிக்கவும் என்று முடித்தார். தடை சொல்லிப் பழக்கப்பட்டவள் நான்தான். பேசாமல் இருந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வகுப்புக்குப் போகாமல் ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். கேட் திறந்திருந்தது.

அவள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வாக்கா" என்றாள். நேற்றுப் பார்த்ததுபோலச் சொன்னாள். உள்ளே சுவரில் வசனம் எழுதிய காலண்டர், ஒரு படம் இல்லை, ஒரு சுரூபம் இல்லை. அம்மா கொடுத்த திருஇருதயப் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

கல்யாணச் சமையல், பந்தி, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எத்தனை பேர் என்றெல்லாம் பேசினோம். நானும் உட்கார்ந்து கீரை உருவினேன். அப்புறம் சொன்னேன். ஏழாம் கேள்வியில் தொடங்கி, புத்தகத்தில் பார்த்தது, ஃபாதர் சொன்னது எல்லாம். கையை நீட்டியதையும் சொன்னேன். அவளுக்குத் தெரியாததா அது?

அவள் கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"அப்ப எனக்கு உண்டா?"

"உண்டு."

"அந்தப் பதின்மூணு வருசமும் உண்டா?"

"உண்டுட்டி."

காம்பைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

நான்தான் அவசரப்பட்டேன். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஃபாதரு வீட்டுக்கே வாரேன்னு சொல்லுதாரு. ஒரு பாவசங்கீர்த்தனம். அவ்வளவுதான். கல்யாணத்தன்னைக்கு நீ புள்ளையோட நிக்கலாம்."

"நான் என்னத்தக்கா சொல்லணும் பாவசங்கீர்த்தனத்துல?"

நான் இன்னொரு கொத்தை எடுத்தேன்.

"அந்த சபைக்கு ஏன் போனேன்னு சொல்லணுமோ? சொல்லுதேன், கேளு. மொத நாளு போனப்ப ஒரு ஓரத்துல உக்காந்துருந்தேன். அங்க அப்பத்தட்டு கை மாறி கை மாறி வரும். எம் பக்கத்துல இருந்த அம்மா தட்ட எங்கையில குடுத்தாக. நான் யாருன்னு கேக்கல. நான் எடுத்துக்கிட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்தேன். எங்கையால குடுத்தேன்க்கா. வீட்டுக்கு வந்து அழுதேன். இத நான் பாவம்னு எப்படிச் சொல்லுவேன்?"

"பாவம்னு நான் சொல்லலட்டி."

"நீ சொல்லல. வேற யாராச்சும் சொல்லிருவாக."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது வரும். நான் அழத் தொடங்கினேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"எனக்குத் தெரியாமத்தான் சொன்னேன் ஜெசி. சத்தியமா தெரியாது."

"தெரியும். நீ தெரியாமத்தான் சொன்ன." தம்ளரை என் கையில் வைத்தாள். "ஆனா சொல்லும்போது உனக்கு நல்லா இருந்துச்சுக்கா. அத நான் பாத்தேன்."

கிளம்பும்போது பாதிக் கீரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அப்படி இல்லை என்று எழுத உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை.

ஆகஸ்ட் 17, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இந்தத் தடவை சொன்னேன். கையை நீட்டியதைச் சொன்னேன், நீட்டியபோது எனக்கு எப்படி இருந்தது என்பதையும் சொன்னேன். சாமியார் பாராட்டிய சந்தோஷத்தில் அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அதை ஒரு தடவைகூட நினைக்காததையும் சொன்னேன்.

அறியாமல் செய்தது முழுப் பாவம் ஆகாது என்று ஃபாதர் சொன்னார். அதை நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தெரிந்துகொள்ள வழி இருந்தும் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் என்ன ஃபாதர் என்று கேட்டேன். "அதுக்கும் மன்னிப்பு உண்டும்மா" என்றார்.

அபராதமாக மூன்று அருள்நிறைந்த மரியே செபம். மாதா கெபி முன்னால் முழங்காலிட்டுச் சொன்னேன், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இன்னொரு தடவை சொன்னேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோயில்பிள்ளை கதவைப் பூட்ட வந்து நின்றார், எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்றாம் ஓலை. யாரும் தடை சொல்லவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், கோயிலுக்கு வராதவுங்க செத்தா எங்க போவாங்க?" என்று கேட்டாள். என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, வியாழக்கிழமை கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

வகுப்பில் ஒன்பது பேர்தான். திருவிழா முடிந்ததும் ஆள் குறைந்துவிட்டது. ஃபாதர் ஒன்பது பேருக்கும் அதே சத்தத்தில்தான் நடத்தினார். கொரேரா அண்ணன் பெஞ்சின் நடுவில் உட்காரப் பழகிவிட்டார்.

முடிந்த பிறகு ஃபாதர் ஜெசிந்தாவைப் பற்றிக் கேட்டார். "நானும் போய்ப் பாத்தேன் டீச்சர். நல்லா பேசினாங்க, காப்பி குடுத்தாங்க. கல்யாணத்துக்கு வருவேன், மத்தது என்கிட்ட கேக்காதீங்கன்னு சொன்னாங்க." அவர் முகம் வாடியிருந்தது. அவராலும் ஒன்றும் முடியவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

அனிலா வந்துவிட்டாள். படத்தைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்தாள். "நான் எங்க பெரியம்மா இருக்கேன்?" என்றாள். மூன்றாம் படியில் இடமிருந்து ஐந்தாவது என்று காட்டினேன். படத்தில் எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள், அவள் காமிராவுக்கு வெளியே எங்கேயோ பார்க்கிறாள். இத்தனை வருடத்தில் அதை நான் கவனித்ததில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

பத்து மணிப் பூசை. ஜெசிந்தாதான் மகளைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைப் புடவைக்கு மஞ்சள் கரை, அவ்வளவுதான் அலங்காரம். வாசலில் தீர்த்தத் தொட்டி அருகே அவள் கை தன்னால் நீண்டது. பிறகு மடக்கிக்கொண்டாள். முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரே பெஞ்சில்.

பாட்டுகள் எல்லாம் அவளுக்கு மறக்கவில்லை. பாடவில்லை, ஆனால் எந்த இடத்தில் எழ வேண்டும், எந்த இடத்தில் முழங்காலிட வேண்டும் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. தாலி கட்டும்போது என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள்.

நற்கருணை நேரம் வந்தது. புதுநன்மைக்கு எப்படியோ அப்படித்தான் கல்யாணத்துக்கும் எங்கள் பங்கில் வழக்கம். பெற்றவர்கள் போய்ப் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்று, அவர்கள் வாங்கியதும் தாங்களும் வாங்குவார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் எழுந்து போய் அவன் பின்னால் நின்றார்கள். அனிலாவின் பின்னால் வெறும் தரை இருந்தது. அவளுடைய முக்காட்டுத் துணி அதில் நீளமாகக் கிடந்தது.

நான் எழவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். இன்று ஜெசிந்தா உட்கார்ந்திருந்தால் நானும் அவளோடு உட்கார்ந்திருப்பேன். கோயில் முழுக்கப் பார்க்கட்டும்.

"எந்திரிக்கா" என்றாள் ஜெசிந்தா.

"நான் ஒன்கூட இருக்கேன்."

"எனக்குத் தொணை வேண்டாம். புள்ள தனியா நிக்கா. போ."

"ஜெசி."

"நீ எனக்காக உக்காந்தா புள்ளைக்கு யாரு இருக்கா? எந்திரி."

முழங்காலை ஒதுக்கினாள். பதின்மூன்று வருடம் ஒதுக்கியதுபோல, புடவையைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்துக்கொண்டு, எனக்கு வழிவிட்டாள். நான் எழுந்து போய் அவள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன்.

அனிலா வாங்கினாள். பிறகு ஃபாதர் என்னிடம் வந்தார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று அப்பத்தை உயர்த்திப் பிடித்தார். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்காவது அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லப் பழக்கியிருப்பேன். ஃபாதர் காத்திருந்தார். எனக்குப் பின்னால் வரிசை காத்திருந்தது. கடைசியில் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

திரும்பி வந்தேன். ஜெசிந்தா மறுபடியும் முழங்காலை ஒதுக்கினாள். உட்கார்ந்தேன். பாடல்குழு பாடிக்கொண்டிருந்தது. அவள் பீடத்தைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல், மெதுவாகக் கேட்டாள்.

"புள்ள அழுதாளா?"

"இல்ல."

"அன்னைக்கி அழுதா."